நடுவில் இருப்போருக்கான வினைச்சொல்

பேருந்து நிலையத்து அறிவிப்பாளர் இறந்த பிறகும், அவர் மனைவி ஒரு வினைச்சொல்லை உச்சரிக்கும் நேரம் மட்டும் வீட்டில் இருந்தார். சொல் தொடங்கியதும் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சொல் முடிந்ததும் நாற்காலி காலியாகிவிட்டது. இரண்டே அசை கொண்ட சொல் என்பதால் அவர் இருந்த நேரமும் ஒரு தும்மலுக்கு மேல் இல்லை. அந்த அம்மாள் இதை யாரிடமும் மறைக்கவில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்கிற குரலில்தான் பக்கத்து வீடுகளில் சொன்னார். அவர்களும் அந்த மாதிரியே கேட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சொல் பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இருவரும் இந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். சுவர்கள் அட்டை மாதிரி. முதல் சண்டை எதைப் பற்றி என்பது இருவருக்குமே பிற்பாடு மறந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா மாடிப்படியில் அறிவிப்பாளரை நிறுத்தி, "தப்பா நினைக்காதீங்க சார், ரெண்டு பக்க வாதத்தையும் முழுசா கேட்டேன். நியாயம் உங்க வீட்டம்மா பக்கம்தான்" என்று தீர்ப்புச் சொன்னது மறக்கவில்லை. அன்று மாலையே அறிவிப்பாளர் ஒரு புது மொழியைக் கட்டத் தொடங்கினார். சண்டைக்கென்றே ஒரு மொழி. கொஞ்சுவதற்கு இருக்கிற மொழியே போதும் என்பது அவர் கணக்கு.

அவர் இலக்கணம் படித்தவரல்ல, கையில் இருந்ததை வைத்துக் கட்டினார். பேருந்து நிலையத்தில் அவருடைய கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் சில வண்டிகள் வளைவில் திரும்புவது தெரியும். மற்ற வண்டிகளைப் பற்றிப் பணிமனையிலிருந்து தொலைபேசியில் சொல்வார்கள். கண்ணால் பார்த்த வண்டியை அறிவிக்கும்போது "வரும்" என்பதில் அவரை அறியாமலே முதல் அசை அழுந்தும். கேள்விப்பட்ட வண்டி என்றால் கடைசி அசை. அன்றாடம் வருகிற பயணிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அசை அழுந்தினால் பையைத் தூக்கித் தோளில் போட்டார்கள், கடைசி அசை அழுந்தினால் டீ குடிக்கப் போனார்கள். இந்த அழுத்தத்தை அப்படியே தன் மொழிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு, இங்கே என்றால் கிட்டே, அங்கே என்றால் தூரம். இவன் பக்கத்தில் இருக்கிறான், அவன் எங்கோ இருக்கிறான் என்று யோசித்து, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இரண்டு அடி, அதாவது இரண்டு வேர் வடிவம், வைத்தார். செய்கிறவர் பக்கத்தில் இருந்தால் இகரம், தள்ளி இருந்தால் அகரம். பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்தால் "மிலு". வேறெங்கோ இருப்பவர் உட்கார்ந்தால் "மலு". பக்கத்தில் இருப்பவர் கிளம்பினால் "பிரோ", அங்கே யாரோ கிளம்பிப் போயிருந்தால் "பரோ". யார், எப்படித் தெரியும் என்பதெல்லாம் அடியிலும் அழுத்தத்திலும் வந்துவிடுவதால் நான், நீ, அவள் என்ற சொற்களே தேவைப்படவில்லை. சண்டையில் எப்படியும் "நீ" என்ற சொல்தான் கெடுதலைச் செய்கிறது என்றார். ஆஸ்பத்திரித் துணி அறையில் தையல் வேலை பார்த்த மனைவி, படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டே மனத்துக்குள் உருப்போட்டு, ஒரு மழைக்காலத்துக்குள் அவரை விடச் சரளமாகத் திட்டக் கற்றுக்கொண்டார். குமாஸ்தாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஒரு பொழுதுபோக்கு போயிற்று.

இரண்டு விஷயங்கள் மட்டும் அந்த மொழியில் குறையாகவே இருந்தன. "பேசு" என்ற வினைச்சொல்லை அவர்கள் செய்யவேயில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அதற்கு என்ன வேலை. "சாவு" என்பதற்குத் தூரத்து அடி மட்டும்தான் இருந்தது, "சகே". பக்கத்து அடி வேண்டாமா என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "செத்தவன் எப்படிம்மா பக்கத்துல இருப்பான்?" என்று கேட்டார் அறிவிப்பாளர். "ஏங்க, யார் மடியிலயாவதுதானே சாகறாங்க" என்றார் மனைவி. அதைப் பற்றி அந்த மொழியிலேயே ஒரு சண்டை நடந்தது. முடிவாகவில்லை.

அவர் மனைவியின் மடியில்தான் இறந்தார். ஒரு மத்தியானம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா கதவைத் தட்டிச் சொல்ல, அந்த அம்மாள் ஓடி வந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்வரை உயிர் இருந்தது. தொலைவில் இருக்கும் மகள் வந்தாள், எல்லாம் முடிந்ததும் சீக்கிரமே திரும்பிப் போனாள். அவள் எப்போதும் அப்படித்தான். பள்ளி முடித்ததுமே விடுதி வேண்டும் என்று அடம்பிடித்துப் போனவள். பிறகு வெகு தூரத்து நகரம் ஒன்றில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை, அங்கேயே கல்யாணம். அம்மாவிடம் மரியாதையாக இருப்பாள், பிரியமாக இருக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையேம்மா" என்பாள்.

எல்லாரும் போன பிறகு அந்த அம்மாள், நடந்ததை ஒரு முறையாவது தங்கள் மொழியில் சொல்லிவிட வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்து நின்றார். பக்கத்தில், கண்ணால் கண்ட சாவு. இகர அடி, முதல் அசையில் அழுத்தம். அப்படி ஒரு சொல் இல்லை. "சகே" என்றால் எங்கேயோ யாரோ செத்ததாகிவிடும், அது பொய். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. கடைசியில் படியில் பார்த்ததையாவது சொல்வோம் என்று, முதல் அசையை அழுத்தி "மிலு" என்றார். அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. மனைவியைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் பணிமனைக்காரர் சொல்வதைக் கேட்கிறவர் போல் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். பிறகு இல்லை. நாற்காலியின் துணியில் இருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பி வந்ததை அந்த அம்மாள் நின்று பார்த்தார்.

அதன்பின் துணி அறை நேரம் போக அந்த அம்மாள் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து "மிலு" என்பதை நீட்டப் பழகினார். அசையை நீட்டினால் அறிவிப்பாளர் ஒரு முறை கண்ணிமைக்கும் அளவுக்குக் கூடுதலாக இருந்தார். மற்ற வினைகளையும் சொல்லிப் பார்த்தார். குடிக்கச் சொன்னால் டம்ளரில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தது. நடக்கச் சொன்னால் கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. எதையும் அவர் தானாகச் செய்யவில்லை, ஒரு சமயத்தில் ஒரு வினைதான். குடிக்கும்போது கை மட்டும், நடக்கும்போது கால் மட்டும் இருந்தது போலத் தோன்றிய நாட்களும் உண்டு. அதில் அந்த அம்மாளுக்குப் பயம் வந்ததா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், "பயந்தா முடியுமா? நம்ம ஆளுதானே" என்றார்.

இதற்கான விலை வேறு பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கவனித்தது துணி அறையில் அடுத்த மெஷினில் இருந்த பெண். ஆஸ்பத்திரிச் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பது அவள் வேலை, அதனால் எல்லாரும் அவளைக் காஜா என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் மேற்பார்வை அம்மாள் உள்ளே வந்து, "ஆளே இல்லாம மெஷின் ஓடுது, யாராவது ஆஃப் பண்ணுங்க" என்றார். அறிவிப்பாளரின் மனைவி அந்த மெஷினில் உட்கார்ந்து, பச்சைத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். காஜாவுக்கு அவர் தெரிந்தார், ஆனால் துவைத்துத் துவைத்து வெளுத்த விரிப்பு மாதிரி, பின்னால் இருந்த அலமாரியின் தாழ்ப்பாள் அவர் தோள் வழியாகத் தெரிந்தது. வருகைப் பதிவில் அவருக்கு விடுப்பு விழ ஆரம்பித்தது. கடையில் அவரைத் தாண்டிப் பின்னால் நிற்பவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். மாடிப்படியில் குமாஸ்தா அவர் மேல் நேராக மோதிவிட்டு, சுவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

காஜாதான் மகளிடம் தொலைபேசியில் பேசினாள். "உங்கம்மா கரைஞ்சுக்கிட்டே வராங்க. இளைக்கறதைச் சொல்லலை. சீக்கிரம் வா."

மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு கரண்டி தானாகக் கிளறிக்கொண்டிருந்தது. "அம்மா" என்றாள். "வாடி கண்ணு, மூச்சு வாங்குது பாரு, உக்காரு" என்ற குரல் கரண்டி இருந்த இடத்திலிருந்து வந்தது. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நிறைய நேரம் உற்றுப் பார்த்தபின் அம்மாவின் காதோரம், பிறகு கன்னம், புகையில் தெரிவது போலத் தெரிந்தது.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டே, நடுவில், அடக்கி வைத்த இருமலை விடுகிற மாதிரி "மிலு" என்றார். அப்பா நாற்காலியில் வந்து போனார். அந்த ஒரு கணம் அம்மாவின் கன்னமும் இல்லாமல் போனதை மகள் பார்த்தாள்.

"அம்மா, நீ அவரை இங்க கூப்பிடலை" என்றாள். "அவர்தான் உன்னை அங்க இழுத்துக்கறார்."

"பக்கத்துலன்னா ரெண்டு பேருக்கும்தானே பக்கத்துல. அவர் பாதி வரார், நான் பாதி போறேன். இதுல இழுக்கறது எங்க வந்துச்சு?"

"எனக்குக் குழந்தை பிறக்கப் போகுது. நீ எங்க இருப்பே?"

கரண்டி நின்றது. "நீதான் என்னை வேணாம்னு போனவளாச்சேடி" என்றார் அம்மா. கோபமில்லாமல், ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரு தகவலைச் சொல்வது போல.

அதற்கு மகள் சொன்ன பதில் அந்த வீட்டையே புரட்டிப் போட்டது. "நானா? நீதான் வீட்டை விட்டுப் போறேன், போறேன்னு வாரம் பூரா சொன்னே. நான் ரெண்டாவது படிக்கும்போது. தினமும் எழுந்ததும் வாசல்ல உன் செருப்பு இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன். வருஷக்கணக்கா பாத்தேன். கடைசியில, நீ போறதுக்கு முன்னாடி நான் போயிடலாம்னு போனேன்."

"நான் எப்படி சொன்னேன்? எந்த பாஷையில?"

"உங்க பாஷையிலதான். புரோ, புரோன்னு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான்தானே படுத்திருந்தேன்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மொழி மகளுக்குத் தெரியும் என்று அவருக்கோ அவர் கணவருக்கோ ஒரு நாளும் தோன்றியதில்லை. யாரும் சொல்லித் தராமல் சுவர் வழியாகக் கேட்டே கற்றிருந்தாள். ஆனால் அட்டைச் சுவரும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் கொடுக்கும். இகரமும் அகரமும் அதன் வழியே வரும்போது ஒன்றாகக் குழைந்து உகரமாகி அவள் காதில் விழுந்தன. அழுத்தமோ, சண்டையில் எல்லா அசையும் அழுத்தமாகத்தான் விழும். ஆகவே அவள் கற்ற மொழியில் ஒவ்வொரு வினைக்கும் ஒரே அடி, இரண்டு அசையும் ஒரே எடை. பக்கத்தில் இருப்பவர், தூரத்தில் இருப்பவர், கண்டது, கேட்டது என்ற பேதமே அதில் இல்லை. நம்முடைய பழைய மொழியிலும் இவனுக்கும் அவனுக்கும் நடுவில் உவன் என்று ஒருவன் இருந்தான். நடுவில் நிற்பவன். எப்போது போனான் என்று அநேகம் பேர் கவனிக்கவில்லை.

"புரோ இல்லைடி" என்றார் அம்மா. "பரோ. ப-ரோ. கடைசியில அழுத்தணும். போயிட்டாளாம்னு அர்த்தம். பக்கத்து வீட்டு குமாஸ்தா பெண்டாட்டி அந்த வாரம்தான் அவரை விட்டுட்டுப் போனா. தப்பு அவர் மேலன்னு நான் சொன்னேன், உங்கப்பா அவருக்குப் பரிஞ்சு பேசினார். அதுக்குத்தான் வாரம் பூரா சண்டை."

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்களே."

"ஏழு வயசுப் பொண்ணுகிட்ட வேற என்னத்த சொல்ல?"

அடுப்பில் தண்ணீர் சுண்டிப் பாத்திரம் பிடித்த வாசனை வந்தது. மகள் போய் அடுப்பை அணைத்தாள். ஒரு உயிரெழுத்துக்காக இருபது வருஷம் போய்விட்டது என்பதை அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா பக்கத்தில் வந்து அவள் முதுகைத் தடவினார். மகளுக்குத் தொடுகை தெரியவில்லை, துணி மட்டும் லேசாக அசைந்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அம்மாவின் கை இருக்கும் என்று நினைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் போர்வைக்குள் முணுமுணுத்துப் பழகியபடி, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் "முலு" என்றாள். உட்கார். இங்கே என்றும் இல்லை, அங்கே என்றும் இல்லை.

"தப்பு, தப்பு. முலுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் கிறீச்சிட்டது. அவருடைய கை, ஊசி குத்தித் தழும்பேறிய விரல்களோடு, மகளின் கைக்குள் கனமாக இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் அறிவிப்பாளர் உட்கார்ந்திருந்தார். சொல் முடிந்துவிட்டிருந்தது, அவர் போகவில்லை. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வளைவில் எதுவோ திரும்புகிறதா என்று பார்க்கிறவர் போல வெளியே பார்த்தார். நிழல் விழவில்லை. மற்றபடி முழுசாக இருந்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் மகளின் தப்பான இலக்கணமே நடைமுறைக்கு வந்தது. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அழகாகக் கட்டிய ஒன்றை இப்படி உருட்டித் தேய்த்துவிட்டாயே என்று குறைப்பட்டார். அவரையறியாமல் நாக்கு இகரத்துக்கு ஓடும்போதெல்லாம் விரல் நுனிகள் வெளுத்தன. மகள் அதட்டினாள், அவர் திருத்திக்கொண்டார். துணி அறையில் அவருக்கு மறுபடி வருகை விழுந்தது. மேற்பார்வை அம்மாள், "லீவெல்லாம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். மகள் பிரசவத்துக்கு அங்கேயே தங்கினாள், பிறகு கணவனும் வேலையை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். மாமனார் நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, கல்யாணத்தில் விழுந்து கும்பிட்டதோடு சரி என்று, இன்னொரு முறை கும்பிட்டான்.

குமாஸ்தா சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். மகள் தயங்கினாள். அம்மாதான், "கத்துக் குடுடி, எத்தனை வருஷமா காதைத் தீட்டிக்கிட்டு இருக்கார்" என்றார். குமாஸ்தா வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவரை விட்டுப் போன மனைவி கையில் கரண்டியோடு அவருடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் சாகவில்லை, எங்கேயோ ஒரு ஊரில் நன்றாகவே இருந்தாள். ஆனால் உகர அடிக்கு இறந்தவர், இல்லாதவர், வர விரும்பாதவர் என்ற வித்தியாசம் தெரியாது. அவள் சுற்றிலும் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்கு" என்றாள். குமாஸ்தா, "சரி, போ" என்று சாதாரண பாஷையில் சொன்னார். போனாள். அந்தச் சொல்லை அவர் மறுபடி உபயோகிக்கவில்லை. ஆனால் அவருடைய கட்டிலில் ஒரு மூலை எப்போதும் கொஞ்சம் அமுங்கியே இருந்தது, அங்கே யாரும் துணி வைக்க அவர் விடமாட்டார்.

பேத்தி பிறந்தாள். அவளுக்கு அது கற்ற மொழியல்ல, தாய்மொழி. தாத்தா ஏன் பேசுவதில்லை, பேசுவதற்குச் சொல் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம், அவர் வேலையில் நிறையப் பேசியவர் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். குழந்தைகள் மாடிப்படியில் விளையாடும்போது அவளிடமிருந்து அந்தப் பேச்சு மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது. அவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு. நாலைந்து வருஷத்தில் குடியிருப்பில் பல வீடுகளில் நாற்காலிகள் நிரம்பின. முதல் மாடியில் ஒரு தகப்பன், மேல் மாடியில் பிறந்து பெயர் வைக்காமல் போன ஒரு குழந்தை. யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. சில வீடுகளில் மாலைநேரத்தில் விளக்குப் போடுமுன் எல்லாரும் சற்று அமைதியாகிவிடுவார்கள். கூடத்தில் இருப்பவர்களில் யார் உயிருள்ளவர், யார் கூப்பிட்டு வந்தவர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் முதலில் இருந்தது, பிறகு விட்டுப்போயிற்று. வாடகைக்கு வீடு பார்க்க வந்த சிலர் அந்த அமைதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு.

தையல்கார அம்மாள் ஓய்வு பெற்ற பின், ஒரு மத்தியானத் தூக்கத்தில் இறந்தார். காஜா வந்து, ஆஸ்பத்திரிக்காகத் தைத்து மிச்சமான புதுத் துணியால் போர்த்தினாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், மகள் நெஞ்சே வெடிக்கிற மாதிரி அழுதாள். அது குறையவில்லை, எந்தச் சொல் தெரிந்திருந்தாலும் அது குறைவதில்லை. எல்லாரும் கலைந்த பிறகு பேத்தி ஒரு ஸ்டூலை எடுத்து வந்து ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டு அசையையும் ஒரே எடையில் வைத்து, பாட்டியைக் கூப்பிட்டாள்.

அடுத்த வருஷம் குடியிருப்புக்கு வெள்ளையடித்தார்கள். பெயிண்டர் ஊருக்குப் புதியவன். ஏணியைச் சாத்தி, கூடத்துச் சாமான்களை நடுவில் இழுத்துப் போட்டு, ஜன்னலோரம் வந்து நின்றான். பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நிமிராமல், "அங்க தாத்தாவும் பாட்டியும் உக்காந்திருக்காங்க" என்றாள். பெயிண்டர் நாற்காலியைப் பார்த்தான், ஸ்டூலைப் பார்த்தான். தூரிகையிலிருந்து சொட்டு விழாமல் கையைக் கீழே பிடித்துக்கொண்டான்.

"சரி, இந்தப் பக்கம் கடைசியா அடிக்கறேன்" என்றான். "அவங்க எழுந்ததும் சொல்லும்மா."